செல் அரித்த கால்

மருத்துவர் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டு எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, என் இடது கெண்டைக்காலில் சிவந்திருந்த இடத்தின் ஓரத்தை ஒட்டியே ஒரு கோடு வரைந்தார். பள்ளிப் பிள்ளை வரைந்த தீவுப் படம் போல அது வளைந்து வளைந்து போயிற்று. "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் சீட்டில் நோயின் பெயரை எழுதினார்: செல்லுலைட்டிஸ்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"செல்லா?"

அம்மாவுக்குச் செல் என்றால் கறையான். கதவு நிலையையும் பழைய புத்தகத்தையும் உள்ளே இருந்தே தின்றுவிட்டு, வெளியே ஒன்றுமே நடக்காதது போல மேல்தோலை மட்டும் விட்டுவைக்கிற பூச்சி. "காலை எங்கேயாவது செல் அரிக்குமா?" என்று என் கோடு போட்ட காலை அவர் பார்த்த பார்வையில் பாதி கவலை, பாதி நம்பிக்கையின்மை. "அந்தச் செல் இல்லை அம்மா. உடம்பு முழுக்க இருக்கிறதே உயிரணு, அந்தச் செல்" என்று நாலு எழுத்துப் படித்தவனுக்கே உரிய அலட்சியத்தோடு விளக்கினேன்.

நான் சொன்னது தவறு. அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் ஆயிற்று. காலைத் தலையணைகளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, எழுந்து நடக்கவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் கிடந்த மூன்று நாள். அப்போது செய்வதற்கு இருந்தவை இரண்டே வேலைகள். ஒன்று, கோட்டைப் பார்ப்பது. மற்றொன்று, அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது.

வாலிலிருந்து தொடங்கினேன், அதுதான் சுலபமாகத் தெரிந்தது. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி என்று எல்லோருக்கும் தெரியும்: டான்சில் அழன்றால் டான்சிலைட்டிஸ், கல்லீரல் அழன்றால் ஹெபடைட்டிஸ். ஆனால் பழைய கிரேக்கத்தில் இந்த விகுதிக்கு அழற்சி என்ற பொருளே கிடையாது. 'அதைச் சேர்ந்த' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஆர்த்ரிட்டிஸ் நோசோஸ் என்றால் மூட்டைச் சேர்ந்த நோய், நெஃப்ரிட்டிஸ் நோசோஸ் என்றால் சிறுநீரகத்தைச் சேர்ந்த நோய். கிரேக்கத்தில் நோய் என்பதைக் குறிக்கும் நோசோஸ் பெண்பால் பெயர்ச்சொல். அதனால்தான் அடைமொழியும் பெண்பாலில் ஐட்டிஸ் என்று நின்றது. நாளடைவில் நோய் என்ற சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. இப்படிப் பெயர் பெற்ற நோய்களில் பலவும் வீங்கிச் சிவந்து வலிக்கிறவையாக இருந்ததால், பிற்கால மருத்துவர்கள் அந்த வாலுக்கே அழற்சி என்ற பொருளை ஏற்றிவிட்டார்கள். பிறகு அது தொழிற்சாலை முத்திரை போல ஆயிற்று. 1808இல் பிராங்கைட்டிஸ் வந்தது, 1886இல் அப்பெண்டிசைட்டிஸ் வந்தது. எந்த உறுப்பானாலும் கொண்டுவா, முத்திரை குத்தித் தருகிறேன் என்கிற கதை.

தமிழ் இந்த இடத்தில் சுற்றி வளைக்கவில்லை. அழற்சி என்றாலே அழல், நெருப்பு. அதற்கான லத்தீன் சொல்லுக்குள்ளும் நெருப்பின் சுவாலைதான் இருக்கிறது. இதற்கு முன்பு மருத்துவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் பயன்படுத்திய ஃபிளெக்மோன் என்ற கிரேக்கச் சொல்லும் எரிவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. மருத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் அவற்றை லத்தீனிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். என் காலில் நான்கும் ஒன்றுகூட விடுபடாமல் ஆஜராகியிருந்தன. கை வைத்துப் பார்த்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொடுவது போல இருந்தது. இதற்கு நெருப்பைத் தவிர வேறு பெயர் யாருக்குத் தோன்றியிருக்கும்?

தலைப் பகுதிதான் என்னை ஏமாற்றியது. செல் என்றதும் பள்ளிக்கூடத்தில் வரைந்த வட்டமும் நடுவில் வைத்த புள்ளியும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே செல்லுலைட்டிஸ் என்றால் செல்களின் அழற்சி என்று யாருமே முடிவு கட்டிவிடுவார்கள். கொஞ்சம் யோசித்தால் அது அர்த்தமற்றது என்று புரியும். உடம்பு முழுக்கச் செல்தான். மூளைக்காய்ச்சல் முதல் நகச்சுற்று வரை எதில்தான் செல் இல்லை? காலில் வந்த ஒரு நோய்க்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

இங்கே செல் என்பது உயிரணு இல்லை. அது அறை.

லத்தீனில் செல்லா என்றால் சிறிய அறை, சரக்கறை, கோயிலின் உள்ளறை. மறைத்து வைப்பதைக் குறிக்கும் வினையோடு அதற்கு வேர் உறவு உண்டு. செல்லுலா என்பது அதன் செல்லப் பெயர், சிற்றறை. ராபர்ட் ஹூக் 1665இல் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, தேன்கூடு போல அடுத்தடுத்து இருந்த வெற்றுப் பெட்டிகளைச் செல் என்று அழைத்தபோது அவர் மனத்திலும் இருந்தது அறைதான். அவர் பார்த்தவை உயிரற்ற சுவர்கள். அந்தச் சொல், உயிரின் அடிப்படை அலகு என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர ஜெர்மானிய அறிஞர்கள் ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 1839 ஆண்டுகளில் எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே உடற்கூற்று அறிஞர்களின் மேசையில் அதே சொல் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தோலை உரித்தால் அதற்கும் தசைக்கும் நடுவே வெண்மையாக, பஞ்சு போல, இழுத்தால் நூல் நூலாகப் பிரிகிற ஒன்று இருக்கும். உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் தளர்வான இணைப்புத் திசு அது. அதற்குள் காற்றை ஊதினால் நுரை போலப் பொங்கி, ஒன்றுக்குள் ஒன்று திறக்கிற எண்ணற்ற சிற்றறைகளாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் ஹாலர் போன்றவர்கள் அதை அறைத் திசு என்ற பொருளில் லத்தீனில் அழைத்தார்கள். பிரான்சில் பிஷா 1801இல் வெளியிட்ட பொது உடற்கூற்று நூலில் மனித உடலை 21 வகைத் திசுக்களாகப் பிரித்தபோது, அவற்றில் ஒன்றாக இந்த அறைத் திசுவையும் வைத்தார். பிஷாவுக்கு நுண்ணோக்கியின்மேல் நம்பிக்கை கிடையாது. வெறும் கண்ணாலும் கையாலும் பிரித்து எழுதியவர், 30 வயதில் இறந்துபோனார். அவர் சொன்ன செல்லுக்கும் இன்று நாம் சொல்லும் செல்லுக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது.

செல்லுலைட்டிஸ் என்பது இந்த அறைத் திசுவின் அழற்சி. அவ்வளவுதான். திசுவின் பெயர் பிற்பாடு மாறிவிட்டது, இன்று எந்த மருத்துவ மாணவரும் அதை அறைத் திசு என்று படிப்பதில்லை. நோயின் பெயர் மட்டும், இடித்துவிட்ட கட்டடத்தின் முகவரியைப் போல, அப்படியே நின்றுவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பெயர் பொருந்துகிறதே! தோலின் ஆழ்ந்த அடுக்கிலும் அதன் கீழுள்ள கொழுப்பிலும் கிருமி நுழைந்துவிட்டால் அது ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டு நிற்பதில்லை, அந்தத் தளர்வான இழைகளின் ஊடே பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகிறது. சீழ்க்கட்டி என்றால் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கிருமியை ஓர் அறையில் பூட்டிவிட்டது என்று பொருள். அதைக் கீறி வெளியேற்றலாம். செல்லுலைட்டிஸில் கீறுவதற்கு ஒன்றும் இருக்காது. அறைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்து கிடக்கின்றன, பூட்டு இல்லை. பிஷாவின் காலத்தவர்கள் ஊதிய காற்று எந்த வழியில் போயிற்றோ, ஏறத்தாழ அந்த வழியில்தான் என் காலில் சிவப்பும் போய்க்கொண்டிருந்தது.

உயிரணு என்ற தமிழ்ச் சொல் அழகானதுதான், ஆனால் அதில் அறை தொலைந்துபோய்விட்டது. அதே பொருளில் வழங்கும் கலம் என்ற சொல்லில் உட்குழிவு மிஞ்சியிருக்கிறது. இந்த நோயை 'உயிரணு அழற்சி' என்று யாராவது மொழிபெயர்த்தால் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறார்கள் என்று பொருள். தோலடித் திசு அழற்சி என்பது அத்தனை கவர்ச்சியான பெயர் அல்ல, ஆனால் பொய் சொல்லாத பெயர்.

அந்தப் பெயர் நோய் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. யார் செய்தது என்று சொல்வதில்லை. எனக்கு இது முதலில் குறையாகத் தோன்றியது. குற்றவாளி யார் என்று கேட்டபோது மருத்துவர் கையை விரித்தார். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில சமயம் ஸ்டஃபிலோகாக்கஸ் என்றார், ஆனால் உறுதி செய்ய மாட்டாராம். இந்த நோயில் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குக்கூட எதுவும் வளர்வதில்லை என்பதால் சாதாரண நிலையில் அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. பார்த்து, தொட்டு, ஊகித்து மருந்து கொடுக்கிறார்கள். முகவரி மட்டும் தெரிந்த நோய்க்கு முகவரியையே பெயராக வைத்தது நேர்மை என்று இப்போது நினைக்கிறேன்.

கிருமிகளின் பெயர்களும் கண்ணில் பட்டதை வைத்துத்தான் வந்தன. 1874இல் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயரிட்டது அவை சங்கிலி போல முறுக்கிக் கிடந்த மணிகளாகத் தெரிந்ததால். சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஆக்ஸ்டன் சீழில் பார்த்தவை கொத்துக் கொத்தாக இருந்தன. கிரேக்கத்தில் திராட்சைக் குலைக்குரிய சொல்லை எடுத்து ஸ்டஃபிலோகாக்கஸ் என்றார். மாலையாகக் கோத்தால் ஒன்று, குலையாகத் தொங்கினால் மற்றொன்று. ஆளைக் கொல்லக்கூடியவற்றுக்கு என்ன மென்மையான பெயர்கள்!

இரண்டாம் நாள் காலையில் சிவப்பு கோட்டை ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. பயந்துபோய்த் தொலைபேசியில் கூப்பிட்டேன். மருந்து தொடங்கிய முதல் நாளில் கொஞ்சம் பரவுவது வழக்கம்தான், மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை என்றார்கள். தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கருத்துப்போகும் தோல், கொப்புளம், மரத்துப்போதல், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் உடனே வந்துவிட வேண்டும், அது இன்னும் ஆழமான அடுக்கை அழுகச் செய்யும் வேறு நோயாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். வலி இருந்தது, ஆனால் தோற்றத்துக்குப் பொருந்திய வலிதான். கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே எனக்கு ஒரு பாம்பு கிடைத்தது.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் விசர்ப்பம் என்ற நோய்க்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. தோலில் சிவந்து எரிந்து நாலா பக்கமும் பரவுகிற நோய். தமிழில் அது விசர்ப்பி. ஊர்ந்து செல்வதைக் குறிக்கும் ஸ்ருப் என்ற வடமொழி வினைதான் அதன் வேர். அதே வேரிலிருந்து வந்ததுதான் சர்ப்பம். கிரேக்கத்துக்குப் போனால் அங்கே சொல்லின் முதலில் நிற்கும் சகரம் ஹகரமாகிவிடும். நம்மிடம் சப்தம் என்று புழங்கும் ஏழு, அங்கே ஹெப்டா ஆனது போல. அந்த வழியில் ஊர்வதற்கு ஹெர்பெய்ன் என்ற வினை வருகிறது. ஊர்கிற தோல் நோய்க்கு ஹெர்பிஸ் என்று பெயர் வருகிறது. அக்கியைக் குறிக்க மருத்துவர்கள் எழுதுகிற அதே ஹெர்பிஸ். சர்ப்பமும் ஹெர்பிஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விசர்ப்பமும் செல்லுலைட்டிஸும் முழுக்க ஒரே நோய் என்று சொல்ல மாட்டேன். பழைய பெயர்களுக்குள் இன்று தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கும் பல நோய்கள் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் இரண்டு நாட்டு மருத்துவர்கள் சிவந்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் நிறத்தையோ வலியையோ விட்டுவிட்டு, அது நகர்வதைப் பிடித்திருக்கிறார்கள். என் மருத்துவர் பேனாவை எடுத்ததும் அதற்குத்தானே.

(அக்கி என்ற தமிழ்ப் பெயர் மட்டும் ஊர்வதை விட்டுவிட்டு எரிச்சலைப் பிடித்துக்கொண்டது. அது அக்னியின் திரிபு.)

நிறத்தைப் பிடித்தவர்களும் உண்டு. செல்லுலைட்டிஸின் நெருங்கிய உறவான எரிசிபெலஸ் என்ற பெயரைப் பொதுவாகச் 'சிவந்த தோல்' என்று பிரிப்பார்கள். தோலின் மேலடுக்கையும் அங்குள்ள நிணநீர் நாளங்களையும் தாக்குவதால் அதன் ஓரம் மேடாக, கத்தியால் நறுக்கியது போலத் தெளிவாக இருக்கும். செல்லுலைட்டிஸ் ஆழத்தில் இருப்பதால் ஓரம் மங்கிக் கலைந்திருக்கும். ஐரோப்பாவில் எரிசிபெலஸைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்றார்கள். கெட்டுப்போன தானியத்தால் வரும் நஞ்சுநோயையும் அப்படியே அழைத்தார்கள், அக்கியையும் அப்படியே அழைத்தார்கள். எரிந்தது எல்லாம் அந்தோணியார் கணக்கு. 1880களின் தொடக்கத்தில் ஃபெலைசன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எரிசிபெலஸ் புண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பிரித்து வளர்த்துக் காட்டிய பிறகுதான் இந்த நெருப்புக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தார்.

சொந்தக்காரரைத் தெரிந்துகொண்டதால் நோயாளிகளுக்கு உடனே ஒன்றும் கிடைத்துவிடவில்லை. 1941 பிப்ரவரி 12இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலருக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். முகத்திலும் தலையிலும் பரவிய ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று அவருக்கு. ஒரு கண்ணை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் உலகில் இருந்த பெனிசிலின் மொத்தமுமே சில கிராம் அளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15இல் இறந்துபோனார். எனக்கு எழுதிக்கொடுத்ததும் பெனிசிலின் குடும்பத்து மாத்திரைதான். ஓர் அட்டை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு வேடிக்கை. இந்த நோயைப் பற்றித் தேடினால் தொடைக் குழிகளைப் போக்கும் களிம்பு விளம்பரங்களாக வந்து விழுகின்றன. செல்லுலைட் என்பதற்கும் இதற்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் என்று முதலில் எண்ணினேன். உண்மையில் இரண்டும் ஒரே சொல். ஐட்டிஸ் என்ற விகுதி பிரெஞ்சில் ஈட் என்று ஆகும். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவ அகராதியில் செல்லுலீட் என்றால் அறைத் திசுவின் அழற்சிதான். பிறகு அது அழகு நிலையங்களுக்கும் பெண்கள் இதழ்களுக்கும் போய், தொடையில் தெரியும் சாதாரணக் குழிகளுக்குப் பெயராகி, 1960களின் இறுதியில் ஆங்கில நாகரிக இதழ்களுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அழற்சியும் இல்லை, நோயும் இல்லை. மருத்துவப் பெயரின் வாலை ஒட்டிவிட்டால் இயல்பான உடம்பையும் நோயாக்கி விற்கலாம் என்று யாரோ கண்டுகொண்டிருக்கிறார்கள். இதில் எனக்குச் சிரிப்பைவிடக் கோபம்தான் அதிகம்.

தோல் தொற்றுகளின் பெயர்களுக்குள் இப்படி ஒரு சந்தையே கூடியிருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் பொருக்குப் புண்ணான இம்பெடைகோவில் 'பாய்ந்து தாக்குதல்' இருக்கிறது. ராஜபிளவையைக் குறிக்கும் கார்பங்கிளில் ஒரு சிறு நெருப்புக்கரி கனன்றுகொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது ஃபியூரங்கிள். மயிர்க்காலில் கிளம்பும் சாதாரணக் கட்டி. லத்தீனில் அதற்குப் பொருள் சில்லறைத் திருடன். கொடியின் சாற்றைத் திருடிக்கொண்டு புடைத்து நிற்கும் கணுவை அப்படி அழைத்தார்களாம், அங்கிருந்து கட்டிக்கு வந்தது. தமிழில் கட்டிக்குச் சிலந்தி என்றொரு பெயர் உண்டு. திருடனா, சிலந்தியா, எது மேல் என்று மூன்றாம் நாள் முழுக்க யோசித்தேன். அன்று காய்ச்சல் விட்டிருந்தது. சிவப்பும் முதல் கோட்டுக்குள் திரும்பி, நடுவில் மங்கி, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

ஐந்து நாள் மருந்து முடிந்து மறுபடி போனேன். மருத்துவர் கெண்டைக்காலை ஒரு முறை அழுத்திப் பார்த்ததோடு சரி. நேராகப் பாதத்துக்குப் போய், நான்காம் விரலையும் சுண்டு விரலையும் பிரித்தார். அங்கே வெளுத்து, ஊறி, ஒரு சிறு வெடிப்பு. பல மாதங்களாக இருப்பதுதான், அரிக்கும், சொறிந்துகொள்வேன், மறந்துவிடுவேன். "கிருமி உள்ளே வந்த கதவு இதுதான்" என்றார். காலில் செல்லுலைட்டிஸ் வருகிறவர்களில் பலருக்கு இந்த வழிதானாம். இதை ஆற்றாமல் விட்டால் திரும்பத் திரும்ப வருமாம். சீட்டில் ஒரு களிம்பின் பெயரையும் அதற்கு மேலே டீனியா பெடிஸ் என்பதையும் எழுதிக்கொடுத்தார். தமிழில் சேற்றுப்புண் என்போமே, அந்தப் பூஞ்சைத் தொற்று.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் அந்தச் சொல்லையும் பிரித்தேன். பெடிஸ் என்றால் பாதத்தின். டீனியா என்றால் அந்துப்பூச்சியின் புழு. துணியையும் ஓலையையும் புத்தகத்தையும் அரித்து ஓட்டை ஓட்டையாக்குகிற பூச்சி. பூஞ்சை படர்ந்த தோல், பூச்சி அரித்த கம்பளியைப் போல இருந்ததால் அந்தப் பெயராம்.

அம்மா மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுக்கொண்டே, "இப்போது என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார்.

"பூச்சி அரித்திருக்கிறது என்று" என்றேன்.

"அதைத்தானே நான் முதல் நாளே கேட்டேன்" என்றார்.